திரையில் இல்லாத எழுத்துகள்

பேசாமல் இருப்பது ஒன்றும் சுலபமான காரியமில்லை. ஒரே வீடு, ஒரே சமையலறை, ஒரே தண்ணீர்க் குழாய். இதில் இரண்டு பெண்கள் ஒருவரோடொருவர் பேசாமல் ஒரு வாரத்தை ஓட்ட வேண்டுமென்றால் நடுவில் ஓர் ஆள் வேண்டும். அந்த உத்தியோகத்தைச் சம்பளமில்லாமல் பார்த்து வந்தாள் சில்வண்டு.

“அத்தை, அம்மா கேக்கறாங்க, உங்களுக்கு டீயா காப்பியான்னு.”

“டீ போதும்னு சொல்லு.”

“அம்மா, அத்தைக்கு டீயாம். ஆனா மூஞ்சியைப் பார்த்தா காப்பின்னுதான் தோணுது.”

எட்டு வயதுக்கு இந்த வாய் கொஞ்சம் அதிகம்தான். முறையாக வைத்த பெயர் பள்ளிக்கூடத்தோடு சரி. வாய் ஓய்ந்து யாரும் பார்த்ததில்லை என்பதால் வீட்டிலும் கடையிலும் தெருவிலும் அவள் சில்வண்டுதான்.

சண்டை எதற்கு என்று கேட்பவர்களுக்கு ஒரு வார்த்தை. கடைத்தெருவில் மருந்துக் கடைக்கும் செருப்புக் கடைக்கும் நடுவில் இருக்கிற கண்ணாடிக் கடைதான் இந்தக் குடும்பத்தின் பிழைப்பு. முன்பக்கம், வருகிறவர்களை நாற்காலியில் உட்கார வைத்துப் பார்வையைச் சோதிப்பவள் சில்வண்டின் அம்மா. ஊருக்கு அவள் கண்ணாடிக்காரம்மா. தடுப்புக்குப் பின்னால் மெஷினில் லென்ஸைத் தேய்த்து ஃபிரேமில் பொருத்துகிறவர் அப்பா. கடைக்கு மேலே மாடியில் வீடு. அப்பாவின் தங்கையும் அங்கேயேதான் இருக்கிறாள். சில்வண்டு படிக்கிற பள்ளிக்கூடத்தில், சில்வண்டின் வகுப்புக்கே டீச்சர்.

அந்த டீச்சர்தான் போன வாரம் வாயைக் கொடுத்து மாட்டிக்கொண்டாள்.

“அண்ணி, இவ பந்தைத் தூக்கிப் போட்டா பிடிக்கவே மாட்டேங்கறா. பந்து ஒரு பக்கம், கை ஒரு பக்கம். ஜக்குலேர்ந்து தண்ணி ஊத்தினா டம்ளருக்கு வெளியில ஊத்தறா. ஒரு தடவை கண் டாக்டர்கிட்ட காட்டிடலாமே?”

கண்ணாடிக்காரம்மாவுக்கு எங்கிருந்துதான் அவ்வளவு கோபம் வந்ததோ! “ஊர்ப் பிள்ளைங்க கண்ணெல்லாம் நான் பார்க்கறேன். என் பொண்ணு கண்ணைப் பத்தி எனக்கே பாடம் எடுக்கறியா?” என்று கத்திவிட்டாள். டீச்சர் முகம் சுண்டிப்போய் எழுந்து போனாள். அதோடு பேச்சு அறுந்தது.

இன்று பள்ளிக்கு விடுமுறை. கடையிலோ ஒரே அமர்க்களம். கண்ணாடிக்காரம்மா ரொம்ப நாளாகக் கேட்டுக் கேட்டு, பார்வையைச் சோதிக்கக் கடைசியில் புதுத் திரை வந்துவிட்டது.

இத்தனை காலமும் சுவரில் மாட்டியிருந்தது எழுத்து அட்டை. மேலே பெரிதாக ஒரு ‘ட’. அதன் கீழே ‘ப’, ‘ம’. கீழே போகப் போக எழுத்துகள் சிறுத்துக்கொண்டே வந்து கடைசி வரியில் கடுகாகிவிடும். அதைக் கழற்றிய இடத்தில் சுவர் தனி நிறமாக இருந்தது. புதுத் திரை அப்படியல்ல. ரிமோட்டை அழுத்தினால் எழுத்தெல்லாம் மாறிவிடும். ஆளுக்கு ஒரு வரி, கண்ணுக்கு ஒரு வரி.

“ஒரே அட்டையை வருஷக்கணக்கா மாட்டி வச்சா ஜனங்க மனப்பாடம் பண்ணிடுவாங்கம்மா. இதுல அந்த ஜம்பம் பலிக்காது,” என்றார் திரையை மாட்ட வந்த சேல்ஸ்காரர்.

“எங்ககிட்டயும் பலிக்காது. சந்தேகம் வந்தா நாங்க வரியைப் பின்னாலேர்ந்து படிக்கச் சொல்லுவோம்,” என்றாள் கண்ணாடிக்காரம்மா. தன் வேலையைப் பற்றி அவளுக்கு எப்போதும் ஒரு தலை நிமிர்வு உண்டு. அதைக் குறை சொல்லவும் முடியாது. அவள் பவர் போட்டுக் கொடுத்த கண்ணாடியைத் தலைவலிக்கிறது என்று திருப்பிக் கொண்டுவந்தவர்கள் குறைவு.

சேல்ஸ்காரர் வயரை ஒதுக்கிவிட்டு நிமிர்ந்தார். “யாரையாவது உட்கார வச்சுப் பார்த்துடலாமா?”

ஃபிரேம் முறுக்கிக்கொண்டதைச் சரி செய்ய வந்திருந்த தையல்காரர் “நான் உட்காரட்டுமா?” என்று எழுவதற்குள் சில்வண்டு தாவி நாற்காலியில் ஏறிவிட்டாள்.

“நான்தான் முதல்ல! எங்க கடை!”

கடையில் எல்லோரும் சிரித்தார்கள். கண்ணாடிக்காரம்மா கரண்டியை எடுத்தாள். கைப்பிடி வைத்த கறுப்பு வட்டம் அது. ஒரு கண்ணை மூடுவதற்கு. பார்க்கக் கரண்டி போல இருப்பதால் கடையில் அதற்கு அதுதான் பெயர். முதலில் இடது கண்ணை மூடினாள். திரையில் புது எழுத்துகள் வந்தன.

“வ. க, ந. த, ச, ர…”

சில்வண்டு மூச்சு விடாமல் கடைசி வரி வரை படித்தாள். ஒரு தப்பில்லை. தையல்காரர் “பலே!” என்றார். தடுப்புக்குப் பின்னாலிருந்து அப்பா வழக்கம்போலக் கை தட்டினார்.

கரண்டி வலது கண்ணுக்கு மாறியது. சேல்ஸ்காரர் ரிமோட்டை அழுத்தினார். திரையில் மேலே ‘ந’ வந்தது. அதன் கீழே ‘ச’, ‘வ’.

சில்வண்டு அதே குரலில், அதே வேகத்தில், தலையை ஆட்டிக்கொண்டு ஆரம்பித்தாள்.

“ட. ப, ம. ய, ல, ன…”

தையல்காரர் மறுபடி “பலே!” என்று சொல்ல வாயெடுத்துத் திரையைப் பார்த்து நிறுத்திக்கொண்டார். சேல்ஸ்காரர் சிரித்தார். “பாப்பா, எங்கே பார்க்கறே? அட்டையைத்தான் கழட்டியாச்சே!”

கண்ணாடிக்காரம்மாவும் சிரித்தாள். சிரித்துக்கொண்டே, “சேட்டை பண்ணாதடி. திரையைப் பார்த்துச் சொல்லு,” என்றாள்.

“பார்த்துத்தாம்மா சொல்றேன்.”

“மேல என்ன எழுத்து?”

“ட.”

திரையில் இருந்தது ‘ந’. பெரியவர்களின் உள்ளங்கை அளவுக்கு இருந்தது.

கண்ணாடிக்காரம்மா ரிமோட்டை வாங்கித் தானே அழுத்தினாள். கீழ் வரிகளையெல்லாம் எடுத்துவிட்டுப் பெரிதாக ஒரே ஒரு ‘வ’ மட்டும் வரவைத்தாள். “இப்போ?”

சில்வண்டு கொஞ்சம் தயங்கினாள். முதல் முறையாகத் தயங்கினாள். “ட-தானேம்மா? மேல எப்பவும் ட-தானே?”

கண்ணாடிக்காரம்மாவுக்குச் சிரிப்பு உதட்டிலேயே காய்ந்துபோனது. அவளுக்கு எல்லாம் ஒரே நொடியில் புரிந்துவிட்டது. புரிந்ததை மனசு உள்ளே விட மறுத்தது. 

“எழுந்திரு. உன் வலது கண்ணை நான் மூடிப் பிடிச்சுக்கறேன். எழுத்து தெரியற வரைக்கும் திரைகிட்ட நடந்து போ.”

இருவரும் நடந்தார்கள். நாற்காலியைத் தாண்டியும் தெரியவில்லை. மேஜையைத் தாண்டியும் தெரியவில்லை. கடையில் ஒருவர் முகத்திலும் ஈயாடவில்லை. திரைக்கு வெகு அருகில் போன பிறகு சில்வண்டு துள்ளினாள்.

“ஹை! வ! அம்மா, இது வ!”

எதையோ ஜெயித்துவிட்டவள் போல அவள் அம்மாவின் முகத்தை நிமிர்ந்து பார்த்தாள். அங்கே இருந்த முகத்தைப் பார்த்துச் சிரிப்பை நிறுத்திக்கொண்டாள்.

நடந்தது என்னவென்று உங்களுக்கும் புரிந்திருக்கும். சில்வண்டு எழுத்துப் படித்ததே அந்த அட்டையில்தான். மூன்று வயதில் மேஜைமேல் உட்கார்ந்து மேல் வரியிலிருந்து கடைசி வரி வரை ராகம் போட்டுப் பாடுவாள். வருகிறவர்கள் கன்னத்தைக் கிள்ளிக் கொஞ்சுவார்கள். அதையே பின்னாலிருந்து முன்னால் பாடச் சொல்வார்கள், அதுவும் பாடுவாள். பெற்றவர்களுக்கு உச்சி குளிர்ந்துபோகும். பிறந்தநாள் தவறாமல் அம்மா அவளை நாற்காலியில் உட்கார வைத்து இரண்டு கண்ணையும் சோதிப்பாள். ஊர்ப் பிள்ளைகளிடம் செய்கிற மாதிரியே வரியைத் திருப்பிப் படிக்கவும் சொல்வாள். திருப்பிப் பாடத் தெரிந்த பிள்ளையிடம்! வருஷா வருஷம் பாட்டைக் கேட்டுவிட்டுப் பார்வை நன்றாக இருக்கிறது என்று முத்தம் கொடுத்து இறக்கிவிட்டிருக்கிறாள்.

“ஏன்டி சொல்லலை?” பெண்ணின் தோளைப் பிடித்தாள். “இந்தக் கண்ணுல தெரியலைன்னு ஏன்டி ஒரு நாள்கூடச் சொல்லலை?”

“எல்லாருக்கும் அப்படித்தானேம்மா? ஒரு கண்ணு பார்க்கறதுக்கு. இன்னொண்ணு சும்மா கூட இருக்கறதுக்கு.”

கண்ணாடிக்காரம்மா அப்படியே பக்கத்திலிருந்த ஸ்டூலில் உட்கார்ந்துவிட்டாள்.

சேல்ஸ்காரர் சத்தம் போடாமல் தன் பையை எடுத்துக்கொண்டார். தையல்காரர், “ஃபிரேமை நாளைக்கு வாங்கிக்கறேம்மா,” என்று செருப்பை மாட்டினார். சத்தம் அடங்கியதில் அப்பா தடுப்பைத் தள்ளிக்கொண்டு வெளியே வந்தார்.

“என்ன ஆச்சு?”

சொன்னாள். அவர் நம்பவில்லை. “நடிக்கறா. இவளைத் தெரியாதா உனக்கு? நாள் பூரா நாடகம்தானே!” என்று பெண்ணை மறுபடி நாற்காலியில் தூக்கி வைத்தார். தன் கையாலேயே வலது கண்ணைப் பொத்தினார். கொஞ்சிப் பார்த்தார், மிட்டாய் தருகிறேன் என்றார், அதட்டினார். “திரையில என்ன இருக்கு? ஒழுங்காச் சொல்லு!”

“வெள்ளையா இருக்குப்பா. நடுவுல கறுப்பா ஏதோ இருக்கு.” சில்வண்டின் குரல் உடைந்தது. “நான் ஃபெயிலாப்பா?”

அவர் கையை எடுத்துக்கொண்டார். பெண்ணை அணைத்துக்கொண்டு மனைவியைத் திரும்பிப் பார்த்தார். வாயிலிருந்து வரக் கூடாதது வந்துவிட்டது.

“நீதானே வருஷா வருஷம் பார்த்தே?”

“நான்தான் பார்த்தேன். பார்க்கும்போதெல்லாம் உள்ளேயிருந்து கை தட்டினது யாரு?”

 அவள் எழுந்து முகத்தைக் கழுவிக்கொண்டு பெண்ணின் கையைப் பிடித்துத் தெருவில் இறங்கினாள். ஆட்டோவில் ஏறுகிற வரையில் அவர் கடை வாசலிலேயே நின்றார்.

குழந்தைகள் கண் மருத்துவமனைக்குக் கண்ணாடிக்காரம்மா புதியவள் இல்லை. சந்தேகமான பிள்ளைகளை அவளே எத்தனையோ முறை இங்கே அனுப்பியிருக்கிறாள். “குழந்தை தானா வந்து சொல்லும்னு காத்திருக்காதீங்க. ஒரு கண்ணு நல்லா இருந்தா அதுக்குத் தெரியவே தெரியாது. பள்ளிக்கூடத்துல சேர்க்கறதுக்கு முன்னாடியே டாக்டர்கிட்ட ஒரு தடவை காட்டிடுங்க,” என்று தாய்மார்களைப் பிடித்துவைத்துப் பாடமே நடத்துவாள். இன்று அந்தத் தாய்மார்களோடு தாயாக அதே பெஞ்சில் உட்கார்ந்திருந்தாள். பக்கத்தில் இருந்தவள் அவளை அடையாளம் கண்டுகொண்டு, “நீங்க கண்ணாடிக் கடையில இருக்கறவங்கதானே? யாரைக் கூட்டிட்டு வந்திருக்கீங்க?” என்று விசாரித்தாள். தெரிந்த பிள்ளை என்று சொல்லிவிடலாமா என்று ஒரு கணம் தோன்றியது. அப்படித் தோன்றியதற்கே வெட்கமாக இருந்தது.

“என் பொண்ணுதாங்க.”

நர்ஸ் வந்து சில்வண்டின் கண்களில் சொட்டு மருந்து விட்டாள். கண்பாவை விரிய வேண்டுமே, அதற்காகக் காத்திருந்தார்கள். மருந்து எரிந்தபோதுகூட சில்வண்டு அழவில்லை. அவள் பேசாமல் உட்கார்ந்திருந்ததுதான் பெரிய கொடுமையாக இருந்தது. உள்ளே கூப்பிட்டதும் டாக்டரம்மா விளக்கை அணைத்துவிட்டு, கோடு போல ஒரு வெளிச்சத்தை அவள் கண்ணுக்குள் ஆட்டி ஆட்டிப் பார்த்தார். லென்ஸ்களை ஒவ்வொன்றாக முன்னால் பிடித்தார். பிறகு தலையில் விளக்கை மாட்டிக்கொண்டு உள்ளே பார்த்தார். கண்ணாடிக்காரம்மா இருட்டில் டாக்டரம்மாவின் கையையே பார்த்துக்கொண்டிருந்தாள். இடது கண்ணுக்கு லென்ஸ் மாறி மாறிப் பவர் ஏறிக்கொண்டே போனது. போதும் போதும் என்று மனசு கெஞ்சியது. இன்னும் ஏறியது.

விளக்கு எரிந்தது.

“முதல்ல நல்ல விஷயம் சொல்லிடறேன். கண்ணுக்குள்ள நோய் எதுவும் இல்ல. நரம்பு நல்லா இருக்கு. வலது கண்ணு பிரமாதம்.” டாக்டரம்மா நாற்காலியை இழுத்து எதிரில் போட்டுக்கொண்டார். “இடது கண்ணு பிளஸ் அஞ்சு.”

“அஞ்சா!”

“பிறந்ததிலேர்ந்தே இருந்திருக்கலாம். அந்தக் கண்ணு இத்தனை வருஷமும் மூளைக்குப் படத்தை மங்கலாவே அனுப்பியிருக்கு. மூளை வாங்கிக்கறதையே நிறுத்திடுச்சு. சோம்பேறிக் கண்ணுன்னு நீங்களே எத்தனை பேருக்குச் சொல்லியிருப்பீங்க!”

“நான் வருஷா வருஷம் பார்த்தேனே டாக்டர்.”

“எதை வச்சுப் பார்த்தீங்க?”

கண்ணாடிக்காரம்மாவுக்குக் கழற்றிய பழைய அட்டை நினைவுக்கு வந்தது. தலையைக் குனிந்துகொண்டாள். டாக்டரம்மா நல்லவர், அந்தக் கேள்வியை இரண்டாம் முறை கேட்கவில்லை.

“கண்ணாடி போட்டா சரியாயிடுமா?” கடையில் அவளிடம் தினமும் யாராவது கேட்கிற கேள்வி இது. கேட்பவர்களின் குரல் ஏன் அப்படி இருக்கிறது என்பது இன்றுதான் அவளுக்குத் தெரிந்தது.

“முதல்ல கண்ணாடி. தூங்கற நேரம் தவிர கழட்டவே கூடாது. சில வாரம் கழிச்சுப் பார்ப்பேன். அதுக்கப்புறம் நல்ல கண்ணுல தினம் கொஞ்ச நேரம் ஒட்டு போட்டு மூடி, இந்தக் கண்ணை வேலை வாங்கணும். பிள்ளை முரண்டு பிடிப்பா. விடக் கூடாது. சின்ன வயசுலயே பிடிச்சிருந்தா இன்னும் சுலபமா இருந்திருக்கும்.”

“காலம் கடந்துடுச்சா டாக்டர்?”

“கடக்கலை. இந்த வயசுலயும் நிறைய பிள்ளைங்களுக்குப் பார்வை ஏறுது. ஆனா எவ்வளவு ஏறும்னு இன்னிக்கு நான் வாக்குக் கொடுக்க மாட்டேன்.”

பொய்க்காவது ஒரு வாக்குக் கொடுத்திருக்கலாமே என்று அவளுக்குத் தோன்றியது. அவள் இடத்தில் யாருக்கும் அப்படித்தான் தோன்றும்.

வீடு திரும்பியபோது சாயங்காலமாகிவிட்டது. கண்ணில் வெளிச்சம் கூசியதால் சில்வண்டு வழியெல்லாம் அம்மாவின் புடவைத் தலைப்பால் முகத்தை மூடிக்கொண்டே வந்தாள். கடையில் அப்பா வேறு வேலை எதையும் தொடாமல் காத்திருந்தார். சீட்டை வாங்கி, இடது கண்ணுக்கு எழுதியிருந்ததைப் படித்தார். மறுபடியும் படித்தார். தடுப்புக்குப் பின்னால் போனார். மெஷின் ஓடும் சத்தம் கேட்டது. நின்றது. சட்டென்று ஏதோ உடைந்தது.

கண்ணாடிக்காரம்மா எட்டிப் பார்த்தாள். லென்ஸ் கையிலிருந்து நழுவி, விளிம்பு பெயர்ந்து கிடந்தது. கண்ணை மூடிக்கொண்டே லென்ஸ் தேய்ப்பார் என்று பெயரெடுத்த மனுஷன், கையை முழங்கால் நடுவில் இடுக்கிக்கொண்டு உட்கார்ந்திருந்தார்.

“கை நிக்க மாட்டேங்குது,” என்றார்.

“இன்னொண்ணு எடுங்க. மெதுவாப் பண்ணுங்க.” அவள் தோளைத் தொட்டாள். காலையில் பேசிய பேச்சுக்கு இருவருமே மன்னிப்புக் கேட்டுக்கொள்ளவில்லை. அதற்கு அவசியமும் இருக்கவில்லை.

அப்போதுதான் டீச்சர் மாடியிலிருந்து இறங்கி வந்தாள். அண்ணன் சொல்லியிருக்க வேண்டும். அழுது முகம் வீங்கியிருந்தது. வந்தவள் நேராகப் போய்ச் சில்வண்டின் பக்கத்தில் தரையில் உட்கார்ந்துகொண்டாள். கடை விளக்குகளில் ஒன்றை மட்டும் விட்டுவிட்டு மற்றதையெல்லாம் அணைத்திருந்தார்கள்.

“நீ சொன்னது சரியாப் போச்சு,” என்றாள் கண்ணாடிக்காரம்மா. ஒரு வாரத்துக்குப் பிறகு நாத்தனாரிடம் பேசிய முதல் பேச்சு. “அன்னிக்கே கேட்டிருக்கணும். என் திமிரு.”

“விடுங்க அண்ணி. நான் சொன்னது தப்பாப் போயிருந்தா எவ்வளவு நல்லா இருந்திருக்கும்! அதுக்கு இன்னும் நாலு திட்டுகூட வாங்கியிருப்பேன்.” டீச்சர் மூக்கை உறிஞ்சினாள்.

“அப்போ இனிமே டீயா காப்பியான்னு நான் கேக்க வேணாமா?” என்றாள் சில்வண்டு.

மூவரும் சிரித்துவிட்டார்கள். கண்ணாடிக்காரம்மா பெண்ணை மடியில் இழுத்துப் போட்டுக்கொண்டாள்.

“ஏன்டி கண்ணு, பார்க்காம மனப்பாடமாத்தான் சொல்றேன்னு என்கிட்ட ஒரு வார்த்தை சொல்லியிருக்கக் கூடாதா?”

“நீங்கதானேம்மா டெஸ்ட், டெஸ்ட்டுன்னு சொல்லுவீங்க? டெஸ்ட்டுன்னா படிச்சிட்டுத்தானே போகணும்?” சில்வண்டுக்கு இதில் என்ன குழப்பம் என்றே புரியவில்லை. “படிக்காம போனா ஃபெயிலாயிடுவோம். அதனாலதான் எங்க கிளாஸ்ல எல்லாருக்கும் நானே சொல்லிக்கொடுத்தேன்.”

“என்ன சொல்லிக்கொடுத்தே?”

“அட்டைப் பாட்டு. முன்னாலேர்ந்தும், பின்னாலேர்ந்தும். போன மாசம் நீங்க நம்ம அட்டையை எடுத்துட்டு ஸ்கூலுக்கு டெஸ்ட் வைக்க வந்தீங்கல்ல? அதுக்கு முன்னாடி ஒரு வாரம் தினம் சொல்லிக்கொடுத்தேன். லைன்ல நிக்கும்போது மறந்துட்டவங்களுக்குக் காதுல சொன்னேன். ஒருத்தரும் ஃபெயில் ஆகலையே!”

மெஷின் சத்தம் நின்றது. அப்பா கையில் லென்ஸோடு தடுப்போரம் வந்து நின்றார்.

கண்ணாடிக்காரம்மாவுக்கு அந்த நாள் அப்படியே கண்முன் வந்தது. பள்ளிக்கூடத்து ஹாலில் அட்டையை மாட்டி, வரிசையாக வந்த இரண்டு வகுப்புப் பிள்ளைகளையும் நிற்க வைத்து, கரண்டியை மாற்றி மாற்றிப் பிடித்தாள். எல்லாப் பிள்ளைகளும் கணீர் கணீரென்று படித்தார்கள். இவ்வளவு ஆரோக்கியமான பிள்ளைகளை நான் பார்த்ததே இல்லை என்று ஹெட்மிஸ்ட்ரஸிடம் சொல்லி, அவர்கள் கொடுத்த டீயையும் குடித்துவிட்டு வந்தாள். 

“உங்க கிளாஸுக்கு மட்டுந்தானே?” என்று கேட்டாள். ஆமென்று சொல்லிவிட வேண்டுமே என்று உள்ளுக்குள் தவித்தாள்.

“பக்கத்து கிளாஸ் பிள்ளைங்களும் கேட்டாங்க. பாவமா இருந்துச்சு. அவங்களுக்கும் சொல்லிக்கொடுத்தேன்.”

 டீச்சர் மெல்ல எழுந்து நின்றாள். அவள் முகம் வெளுத்துப்போயிருந்தது.

“அண்ணி, என் கிளாஸ்ல ஒருத்தி இருக்கா. நெட்டச்சின்னு கூப்பிடுவாங்க. உயரமா இருக்கான்னு கடைசி பெஞ்சுல உட்கார வச்சிருக்கேன். போர்டுல எழுதிப் போட்டா எதையும் எழுத மாட்டா. பக்கத்துல இருக்கறவளைப் பார்த்துத்தான் எழுதுவா. முதல்ல எனக்குக் கண்ணு மேலதான் சந்தேகம்.” அண்ணியின் பக்கம் திரும்பினாள். “போன மாசம் நீங்க பார்த்துட்டு அவளுக்கு ஒரு குறையும் இல்லைன்னீங்க. அப்போ இது வெறும் சோம்பேறித்தனம்னு முடிவு பண்ணிட்டேன். அதுலேர்ந்து தினமும் அவளை எழுந்து நிக்க வைக்கறேன் அண்ணி. எல்லார் முன்னாடியும். நேத்துகூட நிக்க வச்சேன்.”

சொல்லிவிட்டு இரண்டு கையாலும் வாயைப் பொத்திக்கொண்டாள்.

சில்வண்டு ஒவ்வொருவர் முகமாகப் பார்த்தாள். “நான் தப்பு பண்ணிட்டேனாம்மா?”

“இல்லடி தங்கம். நீ பண்ணலை,” என்று அவளை இறக்கிவிட்டுக் கண்ணாடிக்காரம்மா ஃபோனை எடுத்தாள்.

“யாருக்கு?” என்றார் அப்பா.

“ஹெட்மிஸ்ட்ரஸுக்கு.”

“கொஞ்சம் இரு. அவசரப்படாதே. நாளைக்கு நேர்ல போய்ப் பக்குவமாச் சொல்லுவோம். கண்ணாடிக் கடைக்காரியே ஏமாந்துட்டான்னு ஊர் பூரா பேச்சாயிடும். அப்புறம் இந்த நாற்காலியில எவன் வந்து உட்காருவான்?”

அவர் சொன்னதில் நியாயம் இல்லாமலில்லை. கடை போனால் குடும்பத்துக்கு வேறு கதி கிடையாது. அவளும் ஒரு கணம் நின்றாள்.

“நாளைக்குக் காலையில முதல் பீரியட் என்னோடதுதான்,” என்றாள் டீச்சர். “நான் எந்த முகத்தோட அவளைப் பார்ப்பேன்?”

“என் பொண்ணுக்கு எட்டு வயசு வரைக்கும் தள்ளிப்போட்டது போதுங்க,” என்றாள் கண்ணாடிக்காரம்மா கணவரிடம். “அந்தப் பிள்ளைங்களுக்கும் எட்டு வயசுதான்.”

அவர் வாயைத் திறந்தார். பிறகு கையிலிருந்த லென்ஸைப் பார்த்தார். தடுப்போரமாக இருந்த பெஞ்சில் உட்கார்ந்துகொண்டார். 

அந்தப் பக்கம் மணி அடித்தது. ஹெட்மிஸ்ட்ரஸ் எடுத்தார். நல்ல உற்சாகத்தில் இருந்தார்.

“சொல்லுங்கம்மா! நானே கூப்பிடணும்னு நினைச்சேன். நீங்க டெஸ்ட் பண்ணின ரெண்டு கிளாஸ்லயும் ஒரு பிள்ளைக்கும் பார்வைக் குறை இல்லைன்னு பெத்தவங்க கூட்டத்துல சொன்னேன். எல்லாருக்கும் அவ்வளவு சந்தோஷம். உங்களைத்தான் பாராட்டினாங்க.”

கண்ணாடிக்காரம்மா கண்ணை இறுக மூடித் திறந்தாள்.

“மேடம்,” என்றாள், “உங்க பிள்ளைங்க கண்ணை நான் இன்னும் பார்க்கவே இல்லை.”